பூர்வீகம் தேடுதல் பௌத்தருக்குத் தகுமா?

திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்ற நம்மவருள் ஒருவர், தம் முன்னோர் இன்னார், இன்ன ஊரார், இன்ன மண்ணில் அடக்கமானார் என்று தேடிப் புறப்படுவது தகுமா, தகாதா? இவ்வினா நம் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எழுந்தது. எழுந்த பின் பல வாரம் அடங்கவில்லை. பிறப்பினால் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை என்று பகவன் போதித்த தன்மத்தைத் தழுவியவருக்கு வமிச ஆராய்ச்சி எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்டனர். பெற்றோரையும் பெற்றோரைப் பெற்றோரையும் அறியாதவன் நன்றி யாருக்குச் செலுத்துவான் என்று முதியோர் சிலர் மறுத்தனர். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டெனக் கண்டோம். ஆயினும் இரண்டும் உண்மை என்று கூறி அமர்ந்துவிடுவது ஆராய்ச்சியாகாது. ஆதலின் இதனைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

வினா எழுந்த காரணம் இது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு முதியவர் நம்மை நாடி வந்தார். தமிழ் படிக்க அறியார். பேச்சும் ஓரளவே அறிவார். ஆயினும் புத்த வந்தனையைப் பிழையின்றிச் சொன்னார். நெட்டாலில் 1920 வாக்கில் பௌத்த சங்கம் கண்ட தமிழர்களைப் பற்றி நம் வாசகர் கேள்விப்பட்டிருக்கலாம். பண்டிதர் க. அயோத்திதாசர் சென்னையில் ஏற்றிய விளக்கின் ஒளி கடல் கடந்து சென்ற வரலாறு அது. அவ்வழி வந்த குடும்பம் அவருடையது. அவர் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. அது கப்பல் பட்டியலின் நகல்.

கப்பல் பட்டியல் என்பது யாதெனில்: 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டம் அது. 1911 வரை, இடையில் 1866 முதல் 1874 வரை நின்றிருந்த காலம் நீங்கலாக, இவ்வாறு சென்றவர் 1,52,184 பேர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே போனவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, பால், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் எனக் கட்டம் கட்டி எழுதிவைத்தனர். ஆட்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களுள் வட ஆர்க்காடும் ஒன்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் அந்த ஜில்லா பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

நம் விருந்தினரின் தாளில் அவருடைய பூட்டனாரின் பெயர் முனுசாமி என்றிருந்தது. அப்பெயர் கொண்டோர் அப்பட்டியல்களில் எத்தனை நூறு பேர் என்று சொல்லவும் வேண்டுமோ! ஜில்லா வட ஆர்க்காடு; தாலுகா சந்திரகிரி. கிராமத்தின் பெயரோ, தமிழும் தெலுங்கும் அறியாத எழுத்தர் தம் செவிக்கு எட்டியபடி ஆங்கிலத்தில் எழுதியது. அதனை மூன்று விதமாகப் படிக்கலாம். மூன்று விதத்திலும் ஊர்கள் உள்ளன.

முதற்கண் விலாசத்தின் நிலையாமையை நாம் கண்டோம். வட ஆர்க்காடு என்று இன்று ஒரு ஜில்லா இல்லை. அக்காலத்தில் அதன் தலைநகர் சித்தூர். 1911 ஏப்ரலில் சித்தூர், சந்திரகிரி, பலமனேர் முதலிய தாலுகாக்களைப் பிரித்து, கடப்பை ஜில்லாவின் மதனபள்ளி, வாயல்பாடு ஆகியவற்றைக் கூட்டிச் சித்தூர் ஜில்லா அமைத்தனர். எஞ்சிய வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகராயிற்று. 1953-இல் ஆந்திரம் தனி ராஜ்யமானபோது சித்தூர் அங்குச் சென்றது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு மீண்டது. 1989-இல் எஞ்சிய வட ஆர்க்காடும் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் அதன் ஒரு பாகம் மீண்டும் மூன்றாயிற்று. 2022-இல் சித்தூர் ஜில்லாவைப் பிளந்து திருப்பதி ஜில்லா அமைத்தனர். ஆக, 1890-இல் கப்பலேறியவர் சொன்ன ‘வட ஆர்க்காடு’ என்ற ஒரு சொல், இன்று இரண்டு ராஜ்யங்களில் ஏழு ஜில்லாக்களைச் சுட்டக்கூடும். மண் அசையவில்லை, பெயர் மட்டும் அதன்மேல் ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

(இடையில் ஒன்று. திருப்பதி தமிழருடையதா, தெலுங்கருடையதா என்று 1950-களில் மேடைதோறும் வழக்காடினர். அவ்வழக்கில் ஊர்களுக்கும் மலைகளுக்கும் வக்கீல்கள் இருந்தனர். காலையில் தெலுங்கு பேசும் ரெட்டியாரின் நிலத்தில் உழைத்து, மாலையில் தம் சேரியில் தமிழ் பேசியவரை இரு தரப்பாரும் சாட்சிக்கு அழைத்ததாக நாம் அறியோம்.)

அன்பருடன் நாமும் சென்றோம். சித்தூர் நகரில் முதலில் எம் கண்ணிற்பட்டவை வெள்ளைக்காரரின் கல்லறைகள். ஜில்லாத் தலைநகராக இருந்த ஊரல்லவா? நீதிபதி, தளபதி, அவர்தம் மனைவி, பிறந்த சில நாளில் இறந்த சிசு, எல்லார்க்கும் கல் உண்டு. சென்னை ராஜதானியிலுள்ள இத்தகைய கல்லறை எழுத்துகளைக் காட்டன் என்பவர் தொகுத்து 1905-இல் பெரும் புத்தகமாகவே வெளியிட்டார். இலண்டனிலிருந்து வருகிறவர் அப்புத்தகத்தை விரித்துக்கொண்டு தம் பாட்டனின் தலைமாட்டுக்கு நேரே வந்துவிடலாம். சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டையில் 1782 டிசம்பர் 7-ஆம் தேதி ஐதர் அலி மாண்டார். அவர் உடலை முதலில் கோலாரில் வைத்து, பின்னர் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரும் மண்டபத்தில் அடக்கினர். இறந்த பின்னும் இரண்டு ஊர் கடந்தவர். ஆயினும் எங்கே கிடக்கிறார் என்பது யாவர்க்கும் தெரியும்.

திருமலையில் நிலைமை வேறு. அங்கே மாண்டவரின் கல் இல்லை. கொடுத்தவரின் கல் உண்டு. பல்லவ குலத்துச் சாமவை என்னும் பெருந்தேவி கி.பி. 966 அளவில் வெள்ளித் திருவுருவமும் நகையும் நிலமும் ஈந்ததைக் கல் கூறுகிறது. அவர்க்குப் பின் அரசர், வணிகர், ஆசாரியர் பலர் தம் பெயர், தந்தை பெயர், ஊர், குலம் யாவும் பொறித்துச் சென்றனர். பெரும்பாலும் தமிழ் எழுத்து. 1930-களில் தேவஸ்தானத்தார் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் கொடையாளர் பெயரை ஒருவர் எளிதில் காணலாம். கல்லை மலைமேல் ஏற்றியவன் பெயரை எத்தொகுதியில் தேடுவது?

இனி, நம் அன்பர் தேடிய சேரிக்கு வருவோம். மூன்று ஊர்களுள் இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது ஊரின் சேரியில் ஓர் மூதாட்டியார், தம் சிற்றப்பனாரின் பாட்டனார் ஒருவர் ‘கரும்புச் சீமைக்கு’ப் போய்த் திரும்பவில்லை என்று சொல்லக் கேட்டதுண்டு என்றார். பெயர் தெரியாது. அதுவே அவருடைய பூட்டனார் என்று கொள்ளப் போதிய சான்று இல்லை. இல்லையென்றும் சொல்ல முடியாது. புதைகாடு எது என்று கேட்டோம். ஓடைக்கரையில் முள் மண்டிய புறம்போக்கைக் காட்டினர். அங்கே ஒரு கல்லும் இல்லை. மண்மேடு சில மழையில் கரைந்துவிடும். பின்னர் அவ்விடத்தையே மற்றொருவர்க்காகத் தோண்டுவர். ‘எங்கே தோண்டினாலும் யாராவது ஒரு பெரியவர் இருப்பார் ஐயா’ என்றார் உடன் வந்தவர். கிராமக் கணக்குகள்? கர்ணம் உத்தியோகம் ஆந்திரத்தில் 1984-இல் ஒழிந்தது. பழைய ஏடுகள் சில தாலுகா கச்சேரிக்குப் போயின. சில கரையானுக்குப் போயின. அக்கணக்குகளிலும் நிலமுடையவனுக்கே வரி உண்டு. வரியுடையவனுக்கே பெயர் உண்டு.

அன்றிரவு திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். அப்போது உடன் வந்த நம் சங்கத்து இளைஞர் அத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஜாதிக் கட்டத்தைச் சுட்டினார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை நாம் சொல்லாமலே வாசகர் அறிவர். ‘ஐயா, இந்தத் தாளை உங்கள் குடும்பப் புத்தகத்தில் ஒட்டும்போது இந்தக் கட்டத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். உங்கள் பாட்டனார் பௌத்தரானதே இச்சொல்லைத் தொலைப்பதற்கு. நீங்கள் ஆறாயிரம் மைல் தாண்டி வந்து அதையே எடுத்துக்கொண்டு போகிறீர்களே!’ என்றார். முதியவர் மறுமொழி சொல்லவில்லை. எமக்கும் அவ்விரவு உறக்கம் வரவில்லை.

இவ்விடத்திலேதான் நமது வினாவின் உயிர்நிலை இருக்கிறது. வெட்டுவதா, வைப்பதா?

இதற்குப் பகவன் வழி யாதென ஆராய்வோம். பிறப்பைப் பற்றி அவர் பேசிய இடங்கள் பிடகங்களிலே பல. அவற்றுள் இரண்டு நம் வினாவுக்கு நெருங்கியவை. மச்சிம நிகாயத்தின் அஸ்ஸலாயன சுத்தத்தில் பகவன் ஒரு பழங்கதை கூறுகிறார். தம் வருணமே உயர்ந்ததென்று கொண்ட ஏழு பிராமண முனிவரிடம் அசித தேவலர் சென்று, உங்களைப் பெற்ற தாய் பிராமணரையன்றி வேறெவரையும் சேர்ந்திலள் என்று அறிவீர்களா, அவள் தாய், அவள் தாய் என ஏழு தலைமுறைத் தாயரைப் பற்றி அறிவீர்களா, தந்தையரைப் பற்றி அறிவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் அறியோம் என்பதே விடை. அப்படியானால் நீவிர் யார் என்பதையாவது அறிவீர்களா என்றதற்கும் அறியோம் என்றே ஒப்புகின்றனர். ஆக, நம்மவருக்கு ஏடு இல்லை, கல் இல்லை, ஏழு தலைமுறை தெரியாது என்று எவரேனும் இகழ்வாராயின், அவருக்கும் தெரியாதென்பதே அதற்கு விடை. அவரிடம் இருப்பது ஏடு. நம்மிடம் அது இல்லை. அறியாமை இருவர்க்கும் பொது.

இச்சுத்தத்தை மட்டும் கொண்டால் தேடுதல் வீண் என்று முடிக்கலாம். ஆனால் தீக நிகாயத்தின் அம்பட்ட சுத்தம் அவ்வாறு முடிக்க விடுவதில்லை. அம்பட்டர் என்னும் பிராமண மாணவர் பகவன் முன்னிலையில் சாக்கியரை இழிகுலத்தோர் என்று மும்முறை ஏசுகிறார். பகவன் என் செய்தார்? குலப்பேச்சு வேண்டாம் என்று தொடக்கத்திலேயே தள்ளிவிடவில்லை. உன் கோத்திரம் யாது என்று கேட்கிறார். கண்ஹாயனர் என்று விடை வருகிறது. அக்கோத்திரத்தின் முதல்வனாகிய கண்ஹன், ஒக்காக மன்னனிடம் அடிமைப்பெண்ணாக இருந்த திசை என்பவள் ஈன்ற மகன் என்பதைப் பகவன் எடுத்துரைக்கிறார். பெயர் முதற்கொண்டு அறிந்து வைத்திருந்தார்! உடனே அம்பட்டரின் தோழர் கூட்டம் அவரையே அடிமைப்பெண்ணின் வழித்தோன்றல் என்று கூவி இகழ்கிறது. இதற்கு மேல் நிகழ்வதைத்தான் நம்மவர் பலர் கவனிப்பதில்லை. பகவன் அக்கூட்டத்தை அடக்கி, அவனை அவ்வாறு மிகையாக இகழற்க, அக்கண்ஹன் தென்னாட்டுக்குச் சென்று கல்வி கற்றுப் பேராற்றல் பெற்ற முனிவன் ஆனான் என்று கூறி, இகழப்பட்டவனைக் காக்கிறார். (தென்னாட்டுக்கு என்பது பாடத்திலேயே உள்ளது. நம் நாட்டார் இதைக் கண்டு மகிழலாம். மகிழ்ச்சிக்கு மேல் இதில் எதையும் கட்ட வேண்டாம்.)

இதிலிருந்து நாம் அறிவது யாது? வமிச வரலாற்றைப் பகவன் அறிந்தார். உண்மையை உள்ளபடி கூறினார். அடிமை என்ற சொல்லை மறைக்கவில்லை. ஆனால் அச்சொல் யாரைச் சுடுகிறது என்பதை மாற்றிவிட்டார். செருக்குற்றவன்மேல் அதனை நிறுத்தினார். செருக்கு அழிந்த கணமே அதனை எடுத்துவிட்டார். திசை என்னும் அப்பெண்ணின் மேல் அவர் ஒரு குறையும் ஏற்றவில்லை.

இவ்வளவில் எமது துணிபு இது: அக்கட்டத்தை வெட்டலாகாது. அங்கே எழுதியிருப்பது முனுசாமி என்பவரைப் பற்றிய செய்தி அன்று. சென்னைத் துறைமுகக் கொட்டகையில் ஒரு மேசையின் பின் அமர்ந்து, நோயும் பசியுமாய் நின்ற ஒரு மனிதனை நோக்கி ஓர் எழுத்தர் என்ன கேட்டார், எதை எழுதினார் என்பது பற்றிய செய்தி. அவரைப் பற்றிய மெய்ச்செய்தி, உடலடையாளக் கட்டத்தில் இருந்த ‘இடது முழங்காலில் வடு’ என்பதே. வெட்டிவிட்டால், தீங்கு செய்தவனின் கைச்சான்றை நாமே அழித்தவராவோம். வைத்துக்கொள்ளும்போது அதன் கீழ், இஃது எழுதியவர் சொல், எழுதப்பட்டவர் சொல் அன்று என ஒரு வரி சேர்ப்பது நலம். இளைஞர் இதனை இன்றும் ஒப்பவில்லை. புண் ஆறிய பின் கட்டுத்துணியை யார் பேணுவார் என்கிறார். புண் ஆறிற்றா என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு படுகுழி உண்டு. இழிந்த வமிசம் என்று பிறர் எழுதியதைக் கண்டு வெகுண்டவர், உயர்ந்த வமிசம் ஒன்றைத் தாமே எழுதிக்கொள்வது. நாம் பூர்வ பௌத்தர் என்று பண்டிதர் அயோத்திதாசர் நிலைநாட்ட முயன்றார். தமிழ் நூல்களையும் வழக்குகளையும் ஆராய்ந்து, ஒடுக்கப்பட்டோர் முன்னாளில் தன்மம் தழுவியிருந்தவர், அது பற்றியே பகைவரால் தாழ்த்தப்பட்டார் என்றார். 1907 முதல் அவர் நடத்திய ‘தமிழன்’ ஏட்டைப் படித்த நம் பாட்டன்மார்க்கு அக்கொள்கை முதுகெலும்பை நிமிர்த்திற்று. அதற்கு நாம் தலை வணங்குகிறோம். ஆயினும் அதனை இரத்தப் பாத்தியதையாகக் கொள்வோமாயின் இடர்ப்படுவோம். நம் முன்னோர் பௌத்தராயிருந்ததால் நாம் பௌத்தர் என்றால், முன்னோர் பிராமணராயிருந்ததால் தாம் பிராமணர் என்பவருக்கு விடையாக நம்மிடம் என்ன இருக்கிறது? பண்டிதரின் வாழ்க்கையே இதற்கு வேறு பாடம் சொல்கிறது. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே அவர் தமக்குச் சூட்டிக்கொண்டார். 1898-இல் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். பூர்வ பௌத்தர் என்று உறுதியாக நம்பியவரும், கடல் கடந்து போய்ச் சீலத்தைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

திருமலைக் கோயில் ஆதியில் புத்தர் கோயில் என்று நம்மவர் சிலர் கூறுவதையும் இங்கே தொட வேண்டும். நூலும் எழுதியுள்ளனர். நாம் கண்டவரை, அக்கல்வெட்டுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. நம் விருந்தினர் மகிழ்வார் என்று கருதி ஒருவர் அதனை அவரிடம் சொன்னபோது, அவர் மகிழவில்லை. ‘என் பூட்டனார் பெயரே எனக்கு ஐயம், கோயிலை எப்படி நான் கொள்வேன்?’ என்றார். முசாவாதம் தவிர்த்தல் நான்காம் சீலம். முன்னோர்மீதுள்ள அன்பு அதற்கு விலக்காகாது.

பின், தேடுதலால் யாது பயன்? சிகாலோவாத சுத்தத்தில், பிள்ளை பெற்றோர்க்குச் செய்ய வேண்டிய ஐந்தனுள் குலமரபைப் பேணுதலும், இறந்தாரைக் கருதித் தானம் செய்தலும் சொல்லப்பட்டுள்ளன. தாயையும் தந்தையையும் தோள்களில் சுமந்து நூறாண்டு திரிந்தாலும் அவர்க்குக் கடன் தீராதென்பதும் பகவன் வாக்கின் கருத்தே. ஆகவே நினைவு நம்மேல் கடமை. நினைவின் முறை எது என்பதே கேள்வி. வைதிகர் சிரார்த்தத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூவர் பெயரைச் சொல்லிப் பிண்டம் இடுவர். அப்பெயர்களை மறவாதிருக்கச் சடங்கே காவல். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளில் சிரார்த்தமும் பிண்டமும் செய்யேன் என்பதும் ஒன்று. நாம் அதனை ஏற்றோம். ஏற்றபோது, பெயர்களைக் காத்த அவ்வேலியையும் கூடவே களைந்தோம் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வேறு வேலி நாம் இடவில்லை. இன்று நம் பிள்ளைகளைப் பாட்டனின் தந்தை பெயர் கேட்டால் பத்தில் ஒருவரேனும் சொல்வாரா என்பது ஐயமே.

ஏடுகளை நம்பலாம் என்பீரேல், நம் ஏடுகளின் நிலையைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச் 14-ஆம் தேதி நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவு பெறாத மணங்களைச் சட்டத்தின் கண்ணில் மணமல்ல என்றாக்கிற்று. தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் மனைவியர் அல்லராயினர். அவ்வாண்டு காந்தியார் நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறை புகுந்ததற்கு அதுவும் காரணம். 1914-இல் புதுச் சட்டம் வந்து அவ்விழுக்கு நீங்கிற்று. நம் விருந்தினரின் குடும்பத்தில், அதன்பின் பதிவு செய்த மணச்சீட்டு இருக்கிறது. மணமக்கள் அப்போது பேரப்பிள்ளை எடுத்தவராம்! அச்சீட்டு இல்லையேல் பூட்டியாரின் பெயரே இன்று தெரிந்திராது.

இங்கே நம் கதை அதனினும் கோணல். புத்தர் திருவுருவின் முன் பஞ்சசீலம் சொல்லி மணந்தவரும் பதிவு செய்வது 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ். அச்சட்டம் பௌத்தரையும் தன்னுள் அடக்கியது. ஆதலின் சான்றிதழின் தலைப்பில் இந்து என்ற சொல். 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையில் பௌத்தருக்கு 1990 வரை இடமில்லை. படிப்பும் உத்தியோகமும் கருதி, வீட்டில் பௌத்தர், பள்ளி ஏட்டில் இந்து என்று இரண்டு பெயரில் இரண்டு வாழ்வு வாழ்ந்த குடும்பங்கள் நம்முள் எத்தனை! அவர்களை நாம் குறை கூறோம். பசி அறியாதவரே குறை கூறுவர். ஆனால் நூறாண்டுக்குப் பின் ஒரு பேரன் ஒரு தாளுடன் வருவானாகில், அத்தாள் அவனுக்கு என்ன சொல்லும்? கப்பல் எழுத்தர் நம் முன்னோரைப் பற்றி எழுதியது ஒரு பொய் என்றால், நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொடுத்தது மற்றொன்று. 1990-க்குப் பின் அவ்வச்சம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. பழக்கம் நீங்கவில்லை.

மறுநாட் காலை அன்பர் மீண்டும் அவ்வோடைக்கரைக்குப் போக விரும்பினார். தம்முடையவர் அங்கே இருக்கிறார் என்பதற்குச் சான்றில்லையே என்று இளைஞர் தயங்கினார். தொடக்கம் அறியப்படாத இச்சம்சாரத்தில், முன்னொரு காலத்தில் நமக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருந்திராத உயிரைக் காண்பது அரிதென்று பகவன் கூறியதை நாம் நினைவூட்டினோம். சொல்லும்போதே அது வாதத்தை வெல்வதற்குச் சொன்னதுபோல் எமக்குப் பட்டது. ஆனால் முதியவர் முன்பே முட்செடியை விலக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ஒரு செம்பில் நீர் வார்த்து, புண்ணியானுமோதனம் சொன்னார். சேரியார் சிலர் வந்து நின்றனர். முன்னாள் நம்மோடு பேசிய மூதாட்டியார், ‘உங்க பாட்டிக்குப் பாட்டி பேரு என்னாங்கய்யா?’ என்று அவரைக் கேட்டார். அவர் தாளைப் புரட்டினார். எண் இருந்தது, தந்தை பெயர் இருந்தது, வடு இருந்தது. முனுசாமியைப் பெற்றவளின் பெயருக்கு அத்தாளில் கட்டமே இல்லை.

ஒக்காகனின் அரண்மனை அடிமையின் பெயர் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டாக நிற்கிறது, இது நிற்கவில்லை.

ஊர் திரும்பிய பின் நம் சங்கத்தார் கூடி, இனி நம் முன் நிகழும் திருமணம், மரணம் ஆகியவற்றுக்கு ஒரு புத்தகம் வைப்பதென்று முடிவு செய்தனர். ஜாதிக் கட்டம் அதில் கிடையாது. மணமக்களின் பெயர், இருவரின் தாய் பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர், அன்றைய தாலுகாவும் ஜில்லாவும், சீலம் கொடுத்தவர் பெயர், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை எழுதுகிறோம். சர்க்கார் பதிவுக்கு இது மாற்று அன்று; அதனை முன்போலவே செய்துகொள்ள வேண்டும். கட்டத்தை வெட்டச் சொன்ன இளைஞரே அப்புத்தகத்தை எழுதுகிறார். அவர் கையெழுத்து நல்ல கையெழுத்து. சென்ற மாதம் நடந்த ஒரு திருமணத்தில், மணமகளின் பாட்டியார் அருகில் வந்து, தம் பெயரையும் அதில் எழுதுவார்களா என்று கேட்டார். பாட்டிக்கு நாம் கட்டம் வைத்திருக்கவில்லை. ஓரத்தில் இடம் இருந்தது, அங்கே எழுதினார்.